மழைப் பாட்டும் ரயில் பாட்டும்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கியிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும் புழங்கியது. ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லாருக்கும் அவர் குண்டூசி. ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெயர் வந்த காலத்திலேயே தொப்பை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. டிரம்ஸில் அவர் அடிக்கும் ஒவ்வொரு அடியும் குத்த வேண்டிய இடத்தில் குத்தி நிற்கும் என்று வயலின்காரர் ஒருவர் சொல்லப் போக, அதுவே ஒட்டிக்கொண்டது.

மேடையில் வாசிப்பவனுக்கு முகம் உண்டு, கூடத்தில் வாசிப்பவனுக்குக் கை மட்டும்தான். குண்டூசி கூடத்தில் வாசித்தவர். காலையில் ஒரு காதல் பாட்டு, மத்தியானம் சோப்பு விளம்பரம், சாயங்காலம் நாலு பேர் உதைபடும் சண்டைக் காட்சி என்று அலுக்காமல் வாசித்தார். யார் கூப்பிட்டாலும் போவார். காகிதத்தில் எழுதியிருப்பதை வாசிப்பார். எழுதியது சரியில்லை என்றால் சரியானதை வாசித்துவிட்டு, அதைத்தான் தான் எழுதினோம் என்று எழுதியவர் நம்பும்படி விட்டுவிடுவார். ஊரே அவர் அடித்த அடிக்குத் தலையாட்டியது. ஆனால் அவர் போய்க் கதவைத் தட்டினால், காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் என்று நினைத்துத்தான் திறந்தது.

இதில் அவருக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. கைதான் முக்கியம், முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார். அதை அவர் மனைவி முழுதாக நம்பியதில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்கு முதலில் பதிவாவது டிரம்ஸ்தான். பாட்டுக்குப் பெயர் இருக்காது, வரிகள் இருக்காது, பல சமயம் மெட்டுகூட முடிவாகியிருக்காது. ‘ஏழாம் நம்பர்’ ‘எட்டாம் நம்பர்’ என்றுதான் சொல்வார்கள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அதில் தாளம் தவறாமலிருக்க டிக் டிக் என்று ஓடும் கிளிக்கோடு சேர்த்து, பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவதுபோல வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாதங்கள் கழித்து, பஸ்ஸிலோ பலசரக்குக் கடையிலோ அது வயலினும் கோரஸும் பாடகர் குரலும் பூட்டிக்கொண்டு வரும். அடையாளம் கண்டுபிடிப்பது அவரவர் சமர்த்து.

அதனால் அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ரேடியோவில் பாட்டு வந்தால் மனைவி அடுப்படியிலிருந்து கேட்பார்: “என்னங்க, இது நீங்களா?” குண்டூசி கையைத் தூக்கி எல்லாரையும் அமர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு “நான்தான்” என்பார், அல்லது “ஏதோ தகர டப்பா” என்பார்.

“நல்லா இருந்தா நீங்க, நல்லா இல்லைன்னா வேற யாரோ. நல்ல நியாயம்” என்பார் மனைவி.

இப்படி அவர் “நான்தான்” என்று அடையாளம் கண்டவற்றில் தலையாயது மழைப் பாட்டு. அதற்கு வேறு தலைப்பு உண்டு என்றாலும் ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். தொடக்கத்தில் டிரம்ஸில் ஓர் உருட்டு வரும். மேல் டிரம்மில் பிடித்துக் கீழ் டிரம் வரைக்கும் தடதடவென்று இறங்கி, தரையைத் தொட்டதும் பாட்டு எழுந்துகொள்ளும். கேட்டவன் கை சும்மா இருக்காது. மேசையோ பஸ் ஜன்னலோ பக்கத்தில் இருப்பவன் முதுகோ, எது கிடைத்தாலும் அந்த உருட்டை உருட்டியே தீர்வான். அந்த ஒரு பாட்டால்தான் குண்டூசிக்குக் கொஞ்சம் முகம் கிடைத்தது. மகளுக்கு வரன் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா மற்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, “மழைப் பாட்டு உங்க கையா? அப்படின்னா எங்களுக்குச் சம்மதம்” என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தி இன்றுவரை அவரை யாருக்கு அறிமுகம் செய்தாலும் பெயரைச் சொல்வதில்லை. “எங்க சம்பந்தி. மழைப் பாட்டு” என்பார், அவ்வளவுதான்.

இதில் ஒரு முள்ளும் இருந்தது. அந்த முள்ளுக்குப் பெயர் உலக்கை.

உலக்கையும் டிரம்ஸ் வாசிப்பவர்தான். ஓங்கி அடிப்பார். அவர் வாசித்துவிட்டுப் போன பிறகு டிரம்ஸின் தோலைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்று கேலி பேசுவார்கள். இருவரும் ஒரே வயது, ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகம். மழைப் பாட்டு பதிவான அன்று இசையமைப்பாளர் இரண்டு பாட்டுகளுக்கு டிரம்ஸ் எடுத்தார். ஒன்றைக் குண்டூசி வாசித்தார், மற்றொன்றை உலக்கை வாசித்தார். பிற்பாடு ஒன்று மழைப் பாட்டாக வெளிவந்தது, இன்னொன்று ரயில் பாட்டாக வெளிவந்தது. அந்த உருட்டை அன்று தன் கையால் உருட்டியது குண்டூசிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆகவே மழை தன்னுடையது, ரயில் மற்றவனுடையது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் உலக்கையும் மழை என்னுடையது என்றார். கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்து வாய்ச்சண்டை வந்தது. குண்டூசி அவரைப் பேசவே விடவில்லை. “மழை என்னோடது. உனக்கு வேணும்னா ரயிலை வெச்சுக்கோ, போ!” என்று பெரிய மனசோடு சொன்னார். உலக்கை குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது. பேச்சில்லாமலே இருவருக்கும் தலை நரைத்தது.

மனைவிக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. குண்டூசிக்கு உள்ளூர மழைப் பாட்டைவிட ரயில் பாட்டின் மேல்தான் உயிர்.

அதில் உருட்டு கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது. மெல்லத் தொடங்கி, மெல்லவே போய், கடைசிவரை தலையைத் தூக்காமல் நடக்கும் வாசிப்பு. பாடகி எங்கே மூச்சு விடுவாள் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல அங்கே ஓர் அடி குறையும். யாரும் அதைக் கவனித்ததில்லை. டிரம்ஸ்காரர்களுக்கு மட்டும் தெரியும். துணி காயப்போடும் அறையில் ரப்பர் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, குண்டூசி எத்தனையோ முறை அதை வாசித்துப் பார்த்திருக்கிறார். ஏதோ ஒன்று குறையும். ‘அந்த முரடனுக்கு இது எப்படிடா வந்தது!’ என்று வயிறு எரியும். எரிச்சல் அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்.

இப்படி இருக்கையில், அந்த இசையமைப்பாளருக்கு ஒரு பெரிய பாராட்டுக் கச்சேரி ஏற்பாடானது. பழைய பாட்டுகளை முடிந்தவரை அன்று வாசித்த கைகளே வாசிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மழைப் பாட்டுக்குக் குண்டூசி என்று சுவரொட்டியிலேயே போட்டுவிட்டார்கள். சுவரொட்டியில் தன் பெயரைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. முகம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், அந்தச் சுவர் இருக்கும் தெரு வழியாகவே காய்கறி வாங்கப் போகத் தொடங்கினார். அந்தத் தெருவில் காய்கறிக் கடையே கிடையாது.

சம்பந்தி வீட்டார் மொத்தமும் முன்வரிசைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

குண்டூசியின் மகள் அதே ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் என்ஜினியர். கச்சேரிக்காகப் பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் பொறுப்பு அவளிடம் வந்திருந்தது. டேப்பில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும், வேண்டியதை மட்டும் எடுத்துக் கேட்கலாம். ஒரு நாள் காலை அவள் போன் செய்தாள்.

“அப்பா, கொஞ்சம் கூடம் வரைக்கும் வர முடியுமா? அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.”

குரலே சரியில்லை. குண்டூசி சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பட்டன்கள் நிறைந்த மேசை முன்னால் அவரை உட்கார வைத்தாள். “மழைப் பாட்டு டேப். டிரம்ஸை மட்டும் தனியா வைக்கிறேன், கேளுங்க” என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டனை அழுத்தினாள்.

முதலில் வெறும் இரைச்சல் வந்தது. யாரோ ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். பிறகு தொண்டைக்குள்ளிருந்து, “ஹூம்... ஹூம்... ஹூம்...” என்று உறுமல்.

குண்டூசி குச்சியோடு குச்சியைத் தட்டித்தான் தாளம் எண்ணுவார். வாயைத் திறக்கவே மாட்டார். உறுமி எண்ணுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான், உலக்கை. அந்த உறுமலுக்குப் பின்னால் உருட்டு இறங்கியது. இறங்க இறங்க உறுமலும் கூடவே இறங்கியது. வயலின் கூட்டம் இத்தனை வருடமும் அதை மூடி வைத்திருந்தது.

குண்டூசியின் முகத்தில் ஈயாடவில்லை.

“தப்பான டேப்பா இருக்கும்” என்றார்.

“நானும் அப்படித்தான்ப்பா நினைச்சேன். நாலு தடவை பார்த்துட்டேன்.”

அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டது அவளும்தான். அந்த உருட்டைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். புகுந்த வீட்டில் இன்றைக்கும் அவளுக்குப் பெயர் ‘மழைப் பாட்டுக்காரர் பொண்ணு’.

“அப்பா, இதை நான் மட்டும்தான் கேட்டிருக்கேன். கச்சேரிக்காரங்களுக்குப் பின்னணியில ஓடவிட வயலினும் கோரஸும்தான் வேணும், அதை எடுத்துக் குடுத்துடறேன். டிரம்ஸை யாரும் தனியாக் கேட்கப் போறதில்லை. நீங்க போய் ஜம்முனு வாசிச்சுட்டு வாங்க.”

பெற்ற மகளே தனக்காகப் பொய்யில் பங்கு கேட்கிறாள். ஆசையும் இருந்தது, இல்லாமல் என்ன? சுவரொட்டி கண்ணில் நின்றது. முன்வரிசையில் சம்பந்தி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் எப்படித் தலை நிமிர்வது?

“இன்னொரு தடவை வை” என்றார்.

இந்த முறை உறுமலை விட்டுவிட்டு வாசிப்பைக் கேட்டார். முரட்டு அடிதான். ஆனால் துளிப் பயம் கிடையாது. விழுந்தால் விழட்டும் என்று மாடிப்படியில் ஓடி இறங்குகிறவனின் துணிச்சல் அதில் இருந்தது. மேடைகளில் அவர் அந்த உருட்டை வாசித்தபோதெல்லாம், “ரெக்கார்டுல இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்குமே” என்று யாராவது சொல்வார்கள். மைக் சரியில்லை என்று மழுப்புவார். மைக் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வாழ்க்கை முழுக்க கைதான் முக்கியம், முகம் இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது ஒரு முகத்துக்காக இன்னொருத்தன் கையைத் திருடுவதா? குண்டூசிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

“அது அவன் கைம்மா. அதை என் தோள்ல ஒட்டிக்கிட்டு நான் மேடையேற முடியாது. அவனுக்குப் போன் போடு. நான் பேசினா வரமாட்டான், நீ பேசு.”

உலக்கை மத்தியானம் வந்து சேர்ந்தார். முழங்கால் தேய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். மற்றபடி அதே அகன்ற தோள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் டேப்பை ஓடவிட்டாள். உலக்கை தன் உறுமலைத் தானே கேட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பு என்மேலதான்டா” என்றார் குண்டூசி. “கச்சேரியில நீ வாசி. ஊரறிய நான் சொல்றேன்.”

“அது கிடக்கட்டும். ஏம்மா, அன்னைக்கு எடுத்த இன்னொரு டேப் இருக்கா?”

“ரயில் பாட்டா அங்கிள்? இருக்கே.”

“அதைப் போடு. உங்கப்பா எனக்கு டீக்கடையில வெச்சு தானமாக் குடுத்தாரு.”

குண்டூசிக்கு அதுவரை அந்த யோசனையே ஓடவில்லை. மழை போன துக்கத்திலேயே மூழ்கியிருந்தார். மழை அவனுடையது என்றால் ரயில் யாருடையது என்பது மெதுவாகத்தான் மண்டையில் இறங்கியது. இறங்கியதும் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டேப் ஓடியது. ஓர் இளம் குரல், அவருடைய குரல்: “அண்ணே, காதுல கிளிக் ரொம்ப சத்தமா இருக்கு, குறைங்க.” குச்சியோடு குச்சி தட்டும் ஓசை. பிறகு அந்த உருட்டு, அதே உருட்டு, சுத்தமாக அழகாக உருண்டது. உடனே இசையமைப்பாளரின் குரல் குறுக்கே வந்தது: “வேண்டாம்பா, இந்தப் பாட்டுக்கு அது ஒத்து வரலை. அது இல்லாமலே போ.” மறுபடி குச்சி தட்டும் ஓசை. அதற்கப்புறம் ரயில் கிளம்பியது.

குண்டூசி நினைவில் வைத்திருந்தது வேண்டாம் என்று தள்ளிய உருட்டை. மறந்து போனது மிச்சம் அத்தனையையும்.

அவர் அசையாமல் கேட்டார். துணி காயப்போடும் அறையில் பிடிபடாமல் போன அந்த ஏதோ ஒன்று, இதோ இருந்தது. அது ஒரு பயல் பாட்டில் கரைந்துபோய்த் தன்னை மறந்து வாசித்தது, வேறொன்றும் இல்லை. இத்தனை காலமும் அவர் வயிறெரிந்தது தன் சொந்தக் கையைப் பார்த்துத்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் வந்தப்போ நீ இதைத்தான் வாசிச்சுக்கிட்டிருந்தே” என்றார் உலக்கை. “கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு முழுசாக் கேட்டேன்டா. இதுக்கப்புறம் உள்ளே போய் நான் என்னத்தை வாசிக்கிறது? உனக்கு வேண்டாம்னு சொன்ன உருட்டை என்னை வாசிக்கச் சொன்னாரு, வந்த ஆத்திரத்துலதான் அதை அப்படி அடிச்சேன். நீ இதை வாசிக்கலைன்னா மழையே பெஞ்சிருக்காது.”

“இதை நீ அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நீ எங்கே வாயைத் திறக்க விட்டே? ஆளுங்க வந்து ‘ரயில் பாட்டுல பின்னிட்டீங்க’ன்னு கையைப் பிடிச்சுக்குவாங்க. நான் இல்லை, அது குண்டூசின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தனும் நம்பலை. நான் அடக்கமாப் பேசறேனாம்! எனக்கு அடக்கமாம்!”

மூவரும் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் போன யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இசையமைப்பாளருக்குக் குண்டூசியே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் யார் எதை வாசிச்சீங்கன்னு நினைவே இல்லை, அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்” என்றார். ரயில் பாட்டு கச்சேரியில் இல்லை. கைதட்டு வாங்காத பாட்டு என்று விட்டிருந்தார்கள். குண்டூசி தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்று கேட்டார்: “அதைச் சேர்க்கணும் சார். நான் வாசிக்கணும்.”

கச்சேரி நாளன்று உலக்கை மழைப் பாட்டுக்கு உட்கார்ந்தார். உறுமினார். உருட்டு இறங்கியதுதான் தாமதம், அரங்கமே எழுந்து நின்றது. ஓரத்தில் நின்ற குண்டூசி எல்லாரையும்விட உரக்கத் தட்டினார். பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கி, “இத்தனை நாளா இதை என்னோடதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இது இவன் கை” என்றார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ரயில் பாட்டு நடுவில் எங்கோ வந்தது. குண்டூசி குச்சியோடு குச்சியைத் தட்டித் தொடங்கினார். எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. தன் கை எதுவென்று தெரிந்துவிட்டவன் அதைத் தேடிக்கொண்டு திரிய மாட்டான். பாடகி மூச்சு விடும் இடத்தில் ஓர் அடியை விட்டுக்கொடுத்தார். அரங்கத்தில் யாரும் டிரம்ஸ் பக்கம் திரும்பவில்லை. பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குண்டூசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வாசித்தார். இந்த வாழ்க்கையைத் தவிர வேறு எந்த வாழ்க்கையும் தனக்கு வேண்டியிருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கீழே இறங்கி வந்தபோது மனைவி முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அந்தக் கண்களே போதுமாக இருந்தது. பின்னாலேயே சம்பந்தி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்ன சம்பந்தி, இப்படிப் பண்ணிட்டீங்க? சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கேன். மழை உங்களோடது இல்லையாமே?”

“இல்லை சம்பந்தி. அது அவனோடது. என்னோடது ரயில் பாட்டு.”

சம்பந்தி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ரயில் பாட்டா? அதுல டிரம்ஸ் இருக்கா என்ன?”

குண்டூசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“இருக்கு சம்பந்தி. முதல்லேருந்து கடைசி வரைக்கும் இருக்கு.”